இன்டேக் சீல் தேய்ந்துவிட்டதா? கம்பெனி ரப்பர், ஷீட் ரப்பர், ஊற்றி எடுத்த சிலிக்கான்: எது எங்கே நிற்கும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, குளுவாங்கில் பசியாற உட்கார்ந்திருந்தபோது கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தம்பி. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், அவரும் அவர் மாமாவும் நான்கு வருடம் உழைத்துக் கட்டியது. படத்தில், எஞ்சினுக்குப் போகும் காற்றை வாங்கும் பெட்டியான ஏர் பாக்ஸின் விளிம்பில் ஒரு ரப்பர் நாக்கு பாதி கிழிந்து தொங்கியது. “அண்ணே, இன்டேக் சீல் போய்விட்டது. கம்பெனியில் கேட்டால் மூன்று வாரம் என்கிறார்கள். இங்கே ஹார்ட்வேர் கடையில் ரப்பர் ஷீட் கிடைக்கிறது. வெட்டிப் போட்டுவிடலாமா?”

அதே வாரத்தில் இன்னொருவர் கேட்டார். அவரும் ‘இன்டேக் சீல்’ என்றுதான் சொன்னார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்ப்ரேட்டரைத் தாங்கும் ரப்பர். இருவரும் சொன்ன பெயர் ஒன்று, கேட்ட கேள்வியும் ஒன்று. முதலாமவரிடம் “வெட்டிப் போடலாம், ஆனால் அந்த ஷீட்டில் வேண்டாம்” என்றேன். இரண்டாமவரிடம் “கையை வைக்காதீர்கள், புதுசு வரும்வரை பறக்காதீர்கள்” என்றேன். ஏன் இரண்டு பதில் என்று இருவருக்கும் தனித்தனியாக எழுதியதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் இருபது வருடம் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் ஜென்செட்டும் பார்த்தவன். விமான வேலை பிறகு கற்றுக்கொண்டது. தோட்டத்து எஞ்சினில் ‘சமாளித்துக்கொள்ளலாம்’ என்று விட்ட பல விஷயங்களை விமானத்தில் விடக்கூடாது என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

## முதலில், எந்த சீல்?

காற்று உள்ளே போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். எஞ்சினை மூடியிருக்கும் உறையான கௌலிங்கின் வாய், அதற்கும் ஏர் பாக்ஸுக்கும் இடையில் உள்ள நெகிழும் சீல், பிறகு ஏர் ஃபில்டர், ஃபில்டர் உட்காரும் விளிம்பு, கார்ப்ரேட்டர், அதற்குப் பின்னால் அதைத் தாங்கும் கார்ப் ரப்பர், கலவையைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்ட், சிலிண்டர். எல்லா விமானத்திலும் எல்லாம் இருக்காது. சின்ன விமானங்களில் வரும் ரோட்டேக்ஸ் 912 எஞ்சினைப் போட்ட பலர் ஏர் பாக்ஸே இல்லாமல் கார்ப்ரேட்டர் வாயில் கூம்பு ஃபில்டரை மாட்டி ஓட்டுகிறார்கள். ஆனாலும் சீல் இருக்கும் இடம் மூன்றில் ஒன்றுதான்.

ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் சீல் கிழிந்தால், வெளியிலிருந்து வர வேண்டிய குளிர்ந்த காற்றோடு கௌலிங்குக்குள் இருக்கும் சூடான காற்று கலக்கும். எஞ்சின் கொஞ்சம் சக்தி இழக்கும். அதைத் தாண்டி உடனடி ஆபத்து ஒன்றுதான்: கிழிந்த துண்டு ஃபில்டர் முகத்தில் போய் ஒட்டி வழியை அடைப்பது.

ஃபில்டருக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவில் இருக்கும் விளிம்பு தேய்ந்தால், வடிகட்டாத காற்று உள்ளே நுழையும். செம்மண் பாதையில் ஓடி ஏறுபவர்களுக்கு இது மெதுவான அரிப்பு. சிலிண்டரும் ரிங்கும் சத்தமில்லாமல் தேயும். இங்கே ஒரு துண்டு கழன்றால் தடுக்க ஃபில்டர் கிடையாது. அது நேரே கார்ப்ரேட்டருக்குத்தான் போகும்.

மூன்றாவது இடம் கார்ப்ரேட்டருக்குப் பின்னால். த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட மிகக் குறைவு. ரப்பரில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், கார்ப்ரேட்டர் அளக்காத காற்று உள்ளே இழுக்கப்படும், கலவையில் பெட்ரோல் குறைந்து மெலியும், எஞ்சின் உதறும். த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் உள்ளும் வெளியும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமமாகிவிடும், கோளாறு மறைந்துவிடும். ‘டேக்-ஆஃபில் ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போது மட்டும் நடுங்குகிறது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த ரப்பரைத்தான். ரோட்டேக்ஸ் 912-இல் பிங் கம்பெனியின் இரண்டு கார்ப்ரேட்டர்கள், ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்கு. ஒரு பக்க ரப்பர் விரிந்தால் ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கத்தோடு மல்லுக்கு நிற்கும், அந்த உதறல் கியர்பாக்ஸ் வரைக்கும் போகும். இன்னொன்று, அந்தக் கார்ப்ரேட்டரின் எடையைப் பிடித்திருப்பது இந்த ரப்பர்தான். அது பிய்ந்தால் பெட்ரோல் நிறைந்த கிண்ணத்தோடு கார்ப்ரேட்டர் கழன்றுவிடும், பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கும்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் கேட்கும் கேள்விகள் இந்த வரிசையில்தான் வரும்:

1. பிய்ந்தால் துண்டு எங்கே போகும்?
2. பெட்ரோலோ எண்ணெயோ படுமா?
3. எஞ்சினை நிறுத்திய பிறகு அந்த இடம் எவ்வளவு சூடாகும்? ஓடும்போது காற்று குளிர்விக்கும். நின்ற பிறகுதான் கௌலிங்குக்குள் சூடு ஏறும். நம் ஊர் மதிய வெயிலில் இது இன்னும் கடுமை.
4. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் அந்த இடம் எவ்வளவு ஆடும்?
5. லாக் புக்கில் யார் கையெழுத்துப் போடப் போகிறார், அவர் எதை ஒப்புக்கொள்வார்? உங்கள் விமானத்தின் பறப்பு அனுமதியில் என்ன நிபந்தனை இருக்கிறது?
6. காசும் நாளும்.

காசு கடைசியில் இருப்பது தற்செயல் இல்லை. முதல் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி வழிகள் தானாக அடைபட்டுவிடும்.

## ரப்பர் என்றால் எந்த ரப்பர்?

நாமெல்லாம் ரப்பர் மரத்துக் கித்தாப் பாலில் வளர்ந்தவர்கள். என் அம்மா விடியுமுன் பெரட்டுக்குப் போய் பால் வெட்டியவர். இயற்கை ரப்பரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் தேவையில்லை. விமான டயரில் இன்றைக்கும் அதுதான் முக்கியப் பொருள், அதிர்வு தாங்கும் எஞ்சின் மவுண்டுகளிலும் அது நிறைய உண்டு. இழுவைக்கும் அடிக்கும் அதைப் போல் தாங்குவது அரிது. ஆனால் பெட்ரோல் பட்டால் அது ஆளே மாறிவிடும்.

சந்தேகம் இருந்தால் நீங்களே செய்து பாருங்கள். வீட்டுக்கு வெளியே, நெருப்பு இல்லாத இடத்தில், ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல். அதில் ஒரே அளவில் வெட்டிய மூன்று பட்டைகள்: ஹார்ட்வேர் கடை ரப்பர் ஷீட், நைட்ரைல், சிலிக்கான். நான் ஓர் இரவு மூடி வைத்தேன். காலையில் முதல் பட்டை ஊறப்போட்ட கடலை மாதிரி உப்பி, விரலால் அழுத்தினால் நசுங்கியது. சிலிக்கானும் நன்றாக உப்பியிருந்தது, நகத்தால் கீறினால் பிய்ந்து வந்தது. நைட்ரைல் மட்டும் ஏறக்குறைய போட்ட அளவிலேயே கிடந்தது. சிலிக்கான் தோற்றது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சூட்டுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வதால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைத்துவிடுகிறோம்.

| பொருள் | தொடர்ந்து தாங்கும் சூடு (ஏறக்குறைய) | பெட்ரோல் | வெயில், ஓசோன் |
|---|---|---|---|
| இயற்கை ரப்பர் | 70–80 டிகிரி | தாங்காது | சீக்கிரம் வெடிக்கும் |
| நியோப்ரீன் | 100 டிகிரி | சுமார் | நன்று |
| நைட்ரைல் | 100 டிகிரி | நன்று | வெடிக்கும் |
| ஈ.பி.டி.எம். (கார் கதவு பீடிங்) | 120 டிகிரி | தாங்காது | மிக நன்று |
| சிலிக்கான் | 200 டிகிரி | தாங்காது | மிக நன்று |
| வைட்டான் | 200 டிகிரி | மிக நன்று | மிக நன்று |

சூடு எல்லாம் செல்சியஸில். ஒரே பெயரில் பல தரம் வருவதால் வாங்கும் ஷீட்டின் விவரத்தாளைக் கேட்டு வாங்குங்கள். ‘ரப்பர் ஷீட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கடைக்காரருக்கே அது என்ன கலவை என்று தெரியாது. சுங்கை சிப்புட் தம்பியை நான் தடுத்தது அதற்காகத்தான்.

## கம்பெனி ரப்பர்

கார்ப்ரேட்டருக்குப் பின்னால் இருக்கும் சீலுக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி இது. ரோட்டேக்ஸின் கார்ப் ரப்பர் வெறும் ரப்பர் குழாய் இல்லை. உலோக ஃப்ளேஞ்சின் மேல் ரப்பரைச் சூட்டில் பிணைத்து வார்த்தது. விரிசல் வெளியே தெரியுமுன் பல நேரம் அந்தப் பிணைப்பில்தான் தொடங்குகிறது. கழற்றிப் போட்ட பழைய ரப்பர் ஒன்றை நான் ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் இன்னும் ஒரு வருடம் ஓடும் போல மினுமினுப்பு. உள்ளே உலோகத்தை ஒட்டிய இடத்தில் பென்சில் கோடு மாதிரி கறுப்பு இடைவெளி, வட்டத்தில் கால் பங்குக்கு.

ரோட்டேக்ஸின் பராமரிப்புக் கையேடு இந்த ரப்பரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. விமானம் பறந்ததா, கொட்டகையில் தூங்கியதா என்பது கணக்கில்லை. ரப்பர் நின்றாலும் வயதாகும்.

மறைமுகச் செலவுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலைப்பட்டியலைப் பார்த்துத் திட்டம் போட்டவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். இரண்டுக்கும் வயது ஒன்று, ஆக இரண்டு வாங்க வேண்டும். கூடவே ஓ-ரிங்குகள். கிளாம்பின் திருகு நசுங்கியிருந்தால் அதுவும். தபால் கூலி பல நேரம் சின்ன சாமானின் விலையைத் தொட்டுவிடும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு மலேசியாவில் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி வேறு இருக்கிறது.

அப்புறம் வேலை. கார்ப்ரேட்டர்களைக் கழற்றி மாட்டினால் இரண்டையும் சமன் செய்தே ஆக வேண்டும். முதலில் கேபிள் அளவு, பிறகு இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குழாயைப் பிரித்து வெற்றிட மானிகளை மாட்டி ஓட்டிப் பார்ப்பது. மானி இல்லாதவர் கடன் வாங்க வேண்டும், அல்லது இருப்பவரை அழைக்க வேண்டும். அரை நாள் போகும். கார்ப்ரேட்டர் கையில் இருக்கும் அந்த நேரத்தில் கிண்ணத்தைத் திறந்து மிதவைகளையும் எடை போட்டுவிடுங்கள். ஒரு கார்ப்ரேட்டரின் இரண்டு மிதவைகளும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டினால் அவை பெட்ரோல் குடித்துவிட்டன என்று பொருள்.

கிளாம்பை மூச்சுப் பிடித்து இறுக்குவது நம் பட்டறைப் பழக்கம். இங்கே அது புது ரப்பரையும் கொல்லும். கிளாம்பின் இரு முனைக்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும், எவ்வளவு என்று உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு இறுக்குங்கள்.

வாங்கும்போது உறையில் இருக்கும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். அலமாரியில் மூன்று வருடம் இருந்ததை ‘புதுசு’ என்று வாங்கினால் மூன்று வருட ஆயுளைக் காசு கொடுத்து இழக்கிறீர்கள். அதே காரணத்தால் ‘இருக்கட்டும்’ என்று நான்கு ஜோடி வாங்கிச் சேர்த்து வைப்பதும் வேண்டாம்.

ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் சீலுக்கும் கம்பெனி சாமான் நல்லதுதான். ஆனால் வீட்டில் கட்டிய விமானத்தில் கௌலிங் ஒவ்வொன்றும் ஒரு நூல் அளவு வித்தியாசமாக இருக்கும். வந்த சீலை எப்படியும் வெட்டித் திருத்தித்தான் பொருத்த வேண்டியிருக்கும்.

## ஷீட் வாங்கி வெட்டுவது

கௌலிங்குக்கும் ஏர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் சீலுக்கு இதுதான் என் தேர்வு. கண்ணாடி இழைத் துணியை உள்ளே வைத்த சிலிக்கான் ஷீட், 2 மில்லிமீட்டரை ஒட்டிய கனம். குளிர் காற்றை எஞ்சின் பக்கம் திருப்பும் தகடுகளான பேஃபிள்களுக்குப் போடும் அதே ஷீட். இழைத் துணி இருப்பதால் ஓரிடத்தில் கிழிந்தாலும் துண்டாகக் கழன்று விழாது, தொங்கிக்கொண்டு நிற்கும். முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறு பொருளில் எனக்குக் கிடைக்கவில்லை. பெட்ரோல் சொட்டும் இடமாக இருந்தால் மட்டும் இது கூடாது. கார்ப்ரேட்டர் நேர் மேலே இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மேலே இருந்தால், வழியும் பெட்ரோல் சீலில் விழாமல் வெளியே போக வடிகால் இருக்க வேண்டும்.

வெட்டும் முறையில் மூன்று விஷயம். மைலோ பெட்டி அட்டையில் முதலில் மாதிரி வெட்டுங்கள், ஷீட்டில் நேரே கத்தி வைக்காதீர்கள். திருகுத் துளைகளைப் பஞ்ச் என்ற துளையிடும் கருவியால் வட்டமாகப் போடுங்கள். கத்தியால் கீறிய துளையின் மூலையிலிருந்துதான் கிழிசல் தொடங்கும். மூன்றாவதுதான் பலர் தவறவிடுவது: நாக்கு எந்தப் பக்கம் வளைகிறது என்பது. உள்ளே வரும் காற்று அந்த நாக்கைத் தள்ளி கௌலிங்கோடு ஒட்ட வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வளைத்தால் வேகம் கூடக்கூட சீல் திறந்துகொள்ளும். தரையில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பசையை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள். மெல்லிய அலுமினியப் பட்டையைச் சுற்றிலும் வைத்து, ஷீட்டை நடுவில் பிடித்து ரிவெட் அடியுங்கள். எஞ்சின் ஆட்டத்துக்கு அரை அங்குலம் வழி விடுங்கள். இறுக்கமாகப் பொருத்திய சீல் அழகாக இருக்கும், ஆனால் நூறு முறை ஸ்டார்ட் செய்வதற்குள் கௌலிங்கின் பெயின்டை அரித்து, தானும் அரிந்துபோகும்.

இதன் மறைமுகச் செலவு உங்கள் நேரம். முதல் தடவை எனக்கு இரண்டு வார இறுதிகள் போயின, இரண்டு மாதிரி வீணாயிற்று. ஷீட்டும் குறைந்தபட்ச அளவில்தான் விற்பார்கள். மிச்சம் கிடக்கும். பக்கத்து விமானக்காரரோடு பங்கு போட்டு வாங்கினால் நல்லது.

## சிலிக்கானை ஊற்றி அச்செடுப்பது

ஃபில்டர் உட்காரும் விளிம்பு கோணலாக இருந்து எந்த ஷீட்டும் படியவில்லை என்றால் இது கைகொடுக்கும். விளிம்பில், டியூபில் வரும், சூடேற்றாமலே இறுகும் ஆர்.டி.வி. சிலிக்கானைத் தடவி, ஃபில்டருக்குச் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன் மேல் உட்கார வைத்து, இறுகிய பின் எடுத்தால் அந்த இடத்துக்கென்றே அளவெடுத்த மெத்தை கிடைக்கும். காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இது இறுகும், அதனால் நம் ஊர் வானிலையில் மேல்தோல் சீக்கிரம் பிடிக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே இறுகுவது ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர்தான். பிளாஸ்டிக் தாள் மூடியிருந்தால் ஈரம் போகாமல் இன்னும் தாமதமாகும்.

டியூபைத் திறந்ததும் வினிகர் வாசம் அடித்தால் அந்த டியூப் குளியலறைக்கு. அது இறுகும்போது அசெட்டிக் அமிலம் விடும், அலுமினியத்தை அரிக்கும். வாசமில்லாத, ‘நியூட்ரல்’ வகையைக் கேளுங்கள்.

இந்த முறையில் எனக்கு ஒரு கெட்ட அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நண்பரின் விமானத்தில் ஏர் பாக்ஸின் வெளி விளிம்பில் நான்தான் ஆர்.டி.வி. தடவினேன். அலுமினியத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கவில்லை, துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டேன். அடுத்த பரிசோதனையில் ஃபில்டரைக் கழற்றியபோது, ஃபில்டரின் மடிப்புகளில் குறுக்காக ஒரு விரல் நீளத்துக்குச் சிலிக்கான் கயிறு ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஃபில்டருக்கு முன்பக்கம் இருந்ததால் நின்றது. அதே வேலையை உள் விளிம்பில் செய்திருந்தால் அந்தக் கயிறு போகும் இடம் கார்ப்ரேட்டரின் வாய். அன்றிலிருந்து நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஃபில்டரைத் தாண்டி சுத்தமான பக்கத்தில், உள்ளே பிதுங்கும்படி ஆர்.டி.வி. தடவுவதே இல்லை. தடவியே ஆக வேண்டுமானால், இறுகியதும் உட்பக்கம் பிதுங்கியதைப் பிளேடால் சீவி எடுத்துவிட்டு, நகத்தால் நெம்பிப் பார்த்த பிறகுதான் மூடுவேன்.

## மோட்டார் சைக்கிள் கடை ரப்பர், கார் கதவு பீடிங்

‘அளவு சரியாக இருக்கிறதே’ என்பதுதான் இதற்கு ஆதரவாக நான் கேட்ட ஒரே வாதம். மோட்டார் சைக்கிளின் கார்ப் ரப்பர் அந்த வண்டியின் கார்ப்ரேட்டர் எடைக்கும் அதிர்வுக்கும் செய்தது. விட்டம் பொருந்தினாலும் பிணைப்பும் கனமும் வேறு. வண்டியில் அது பிய்ந்தால் சாலையோரம் நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு போகலாம். செம்பனைக் காட்டுக்கு மேலே 500 அடியில் நிறுத்த ஓரம் கிடையாது.

கார் கதவு பீடிங் கொஞ்சம் பரவாயில்லை, அதுவும் ஃபில்டருக்கு முன்னால், பெட்ரோலும் எண்ணெயும் படாத இடத்தில் மட்டும். வெயிலுக்கும் மழைக்கும் நன்றாக நிற்கும். வெறும் பசையில் நிற்பதால் ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். கம்பெனி சீலோ சிலிக்கான் ஷீட்டோ வரும்வரை இதைப் போடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

டேப் சுற்றுவது பற்றியும் கேட்டார்கள். வேண்டாம்.

## யாருக்கு எது

ஏர் பாக்ஸ் நாக்கு கிழிந்தவர், கை வேலை பழக்கமுள்ளவர், இரண்டு வார இறுதி ஒதுக்க முடிந்தவர்: இழை வைத்த சிலிக்கான் ஷீட். கை வேலையில் நம்பிக்கை இல்லை அல்லது அனுமதியில் கம்பெனி சாமான் என்றே எழுதியிருக்கிறது என்றால் காத்திருந்து வாங்குங்கள். ஃபில்டர் விளிம்பு மட்டும் பிரச்சினை என்றால் முதலில் புது ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள், பல நேரம் ஃபில்டரின் ரப்பர் விளிம்பே தளர்ந்திருக்கும். அதிலும் படியவில்லை என்றால் ஆர்.டி.வி. அச்சு. பெட்ரோல் படும் இடத்தில் தட்டையான கேஸ்கெட் வேண்டுமென்றால் நைட்ரைல், சூடும் சேர்ந்தால் வைட்டான். கார்ப்ரேட்டரைத் தாங்கும் ரப்பருக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், கம்பெனி ஜோடிதான்.

எது என்று தெரியாமல் குழம்பினால் எஞ்சின் ஆறிய பிறகு, சுவிட்ச் அணைத்து, கார்ப்ரேட்டரை உள்ளங்கையில் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். இன்னொருவர் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் பிடிக்கட்டும். ரப்பர் வளையும் பக்கத்தில் விரிசல் வாய் திறக்கும். ஓடும் எஞ்சினில் கார்ப் கிளீனர் தெளித்துக் கசிவு தேடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் புரொப்பெல்லர் சுற்றுகிறது, மறுபக்கம் எக்ஸாஸ்ட் கொதிக்கிறது, நடுவில் எரியும் திரவம்.

சுங்கை சிப்புட் தம்பி ஷீட் வாங்கிவிட்டார். அட்டை மாதிரியைப் படம் எடுத்து அனுப்பினார், நாக்கு எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது, திருப்பச் சொன்னேன். இன்னொருவர் ரப்பர் ஜோடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். அவர் விமானத்தின் புரொப்பெல்லரில் சிவப்புத் துணி கட்டி, ‘கார்ப் ரப்பர் விரிசல், ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறார்.